பில்டர் போட்டும் வேலை செய்யலையா? வீட்டு கம்ப்யூட்டர் பேரன்டல் கன்ட்ரோல் கோளாறு, ஒவ்வொண்ணா பாக்கலாம்

பிள்ளை கம்ப்யூட்டர்ல ஆபாச சைட்டை தடுக்கற பில்டர் எப்படி போடறதுன்னு சொல்றதுக்கு இதை எழுதல. போட்டாச்சு, ஆனா வேலை செய்யல, இல்லன்னா தேவைக்கு மேல வேலை செஞ்சு பிள்ளையோட ஸ்கூல் சைட்டையே மூடிருச்சு, அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இது. சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், தெரிஞ்சவங்கன்னு பல வீட்டு கம்ப்யூட்டர்ல இதே கோளாறை திரும்ப திரும்ப சரி பண்ணினதுல ஒண்ணு நல்லா தெரிஞ்சுது. பெரும்பாலும் பில்டர் கெட்டுப்போயிருக்காது, பில்டர் ஒரு வழியில நிக்கும், பிள்ளை வேற வழியில போயிட்டு இருக்கும். அதனால காசு குடுத்து புது சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கறதை வரிசையா பாருங்க. விண்டோஸ் 10, 11 வச்சுத்தான் சொல்றேன், மேக் பத்தி தனியா கொஞ்சம் இருக்கு.

## எந்த கோளாறா இருந்தாலும் முதல்ல மூணு கேள்வி

பிள்ளை எந்த அக்கவுண்ட்ல லாகின் ஆகுது? எந்த பிரவுசர்ல பாக்குது? எந்த நெட்ல கனெக்ட் ஆகுது? இந்த மூணையும் உங்க அக்கவுண்ட்ல உக்காந்து யோசிக்காதீங்க, பிள்ளையோட அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, பிள்ளை உக்கார்ற அதே கம்ப்யூட்டர்ல பாருங்க. அப்பா அக்கவுண்ட்ல டெஸ்ட் பண்ணிட்டு "எல்லாம் ஓப்பன் ஆகுதே, பிளாக்கே ஆகல"ன்னு சொல்றவங்க ரொம்ப பேர், மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி (விண்டோஸோட சொந்த பேரன்டல் கன்ட்ரோல்) மாதிரி பில்டர் பிள்ளை அக்கவுண்ட்டுக்கு மட்டும்தான்னு அவங்களுக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்க.

டெஸ்ட் பண்ண நிஜமான ஆபாச சைட்டை திறக்க வேண்டாம். கிளவுட்ஃபிளேர் கம்பெனியோட டிஎன்எஸ் (சைட் பேரை முகவரி நம்பரா மாத்திக் குடுக்கற சர்வர்) போட்டிருந்தா நியூடிட்டி டாட் டெஸ்ட்கேட்டகரி டாட் காம்னு டெஸ்டுக்குன்னே ஒரு முகவரி வச்சிருக்காங்க, அது ஓப்பன் ஆகலன்னா பில்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி பில்டரா இருந்தா, ஏதாவது ஒரு சாதாரண நியூஸ் சைட்டை பிளாக் லிஸ்ட்ல போட்டு பாத்துட்டு அப்புறம் எடுத்துருங்க.

## கோளாறு: மைக்ரோசாஃப்ட் ஃபேமிலில எல்லாம் ஆன் பண்ணியாச்சு, ஒண்ணும் பிளாக் ஆகல

பிள்ளை லோக்கல் அக்கவுண்ட்ல இருக்கா? இதுதான் முதல் சந்தேகம். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ போய் பாருங்க, பேருக்கு கீழ ஈமெயில் இல்லாம லோக்கல் அக்கவுண்ட்னு இருந்தா ஃபேமிலி பக்கத்துல நீங்க என்ன மாத்தினாலும் இந்த கம்ப்யூட்டருக்கு வந்து சேராது. ஃபேமிலி குரூப்ல எந்த ஈமெயில சேத்தீங்களோ அதே ஈமெயில்ல விண்டோஸ்ல லாகின் ஆகியிருக்கணும். அதே பக்கத்துல வெரிஃபைன்னு ஒரு பட்டன் நின்னுட்டு இருந்தா அதையும் முடிச்சிருங்க, அதை முடிக்காம விட்டாலும் செட்டிங் ஒழுங்கா வந்து சேராது.

பிள்ளை அக்கவுண்ட் அட்மினா? அக்கவுண்ட்ஸ்ல ஃபேமிலி பக்கம் போய் அந்த பேரை கிளிக் பண்ணி அக்கவுண்ட் டைப் பாருங்க. அட்மினிஸ்ட்ரேட்டர்னு இருந்தா ஸ்டாண்டர்டு யூசருக்கு மாத்திருங்க. கேம் இன்ஸ்டால் ஆகலன்னு பிள்ளை அழுததுக்கு ஒரு நாள் அட்மின் குடுத்திருப்பாங்க, திரும்ப எடுக்க மறந்திருப்பாங்க. அட்மின் கையில இருக்கற வரைக்கும் டிஎன்எஸ் மாத்தலாம், புது அக்கவுண்ட் போடலாம், பில்டர் சாஃப்ட்வேரையே தூக்கலாம், அதனால மத்ததை எல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி இதை முடிங்க. உங்க அட்மின் பாஸ்வேர்டும் பின் நம்பரும் பிள்ளைக்கு தெரியும்னு லேசா சந்தேகம் இருந்தாலும் ரெண்டையும் மாத்துங்க, பாஸ்வேர்ட மட்டும் மாத்திட்டு பழைய பின்னை விட்டுறாதீங்க.

எந்த பிரவுசர்? மைக்ரோசாஃப்டோட வெப் பில்டர் எட்ஜ்ல மட்டும்தான் வேலை செய்யும். பில்டரை ஆன் பண்ணா அது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி தெரிஞ்ச பிரவுசரை தானா நிறுத்திரும். "குரோம் ஓப்பன் ஆன உடனே மூடிக்குது, வைரஸா"ன்னு கேக்கறாங்கல்ல, அது வைரஸ் இல்ல, இதுதான் காரணம். ஆனா பிள்ளை பர்மிஷன் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பி நீங்களும் யோசிக்காம குரோமுக்கு ஓகே குடுத்திருந்தா, அந்த குரோமுக்குள்ள பில்டர் எட்டிக்கூட பாக்காது. ஆப்ஸ் அண்ட் கேம்ஸ் லிஸ்ட்ல போய் எதெதுக்கு ஓகே குடுத்திருக்கீங்கன்னு பாருங்க. இன்னொண்ணு, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஓப்பராவும் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே அந்த ஒரு யூசருக்கு மட்டும்னு இன்ஸ்டால் ஆகிக்கும், அதனால "அட்மின் குடுக்கல, இன்ஸ்டால் பண்ண முடியாது"ன்னு நம்பி இருந்துறாதீங்க.

இவ்ளோ பாத்தும் பிளாக் ஆகலன்னா, பிள்ளை அக்கவுண்ட்ல சைன் அவுட் பண்ணி திரும்ப சைன் இன் பண்ணி, நெட் கனெக்ட் ஆன நிலையில கொஞ்ச நேரம் விடுங்க, செட்டிங் இறங்கறதுக்கு சில சமயம் நேரம் எடுக்கும்.

## கோளாறு: டிஎன்எஸ் மாத்தினேன், அப்பவும் எல்லாம் ஓப்பன் ஆகுது

டிஎன்எஸ் பில்டர் எனக்கு பிடிச்ச வழி, ஏன்னா காசு இல்ல, எந்த பிரவுசரா இருந்தாலும் ஒரே மாதிரி, கம்ப்யூட்டரும் மந்தமாகாது. கிளவுட்ஃபிளேர் ஃபேமிலிக்கு 1.1.1.3, 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டுக்கு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங் ஃபேமிலிக்கு 185.228.168.168, 185.228.169.168. கிளவுட்ஃபிளேர்ல 1.1.1.1ன்னு போட்டுட்டு பில்டர் வரும்னு காத்திருக்காதீங்க, அது வேகத்துக்கு மட்டும், 1.1.1.2 வைரஸ் சைட்டை மட்டும் தடுக்கும், கடைசி நம்பர் 3ஆ இருந்தாத்தான் ஆபாசமும் தடையாகும்.

இப்ப காரணத்துக்கு வருவோம், சுலபமானதுல இருந்து.

பழைய ஞாபகம். மாத்தின உடனே டெஸ்ட் பண்ணா கம்ப்யூட்டர் முன்னாடி தெரிஞ்சு வச்ச முகவரிக்கே போகும். கமாண்ட் பிராம்ப்ட்ல (விண்டோஸ்ல கட்டளை டைப் பண்ற கறுப்பு விண்டோ) ஐபிகான்ஃபிக், ஸ்பேஸ், ஸ்லாஷ், ஃப்ளஷ்டிஎன்எஸ் அடிங்க, பிரவுசரை முழுசா மூடி திறங்க, இல்லன்னா பேசாம ரீஸ்டார்ட் பண்ணுங்க.

டிஎன்எஸ் நம்பர் போடற ரெண்டாவது கட்டத்துல என்ன இருக்கு? இதை நான் எப்பவும் தேடிப் பாப்பேன். பிரைமரில 1.1.1.3 போட்டுட்டு, கீழ ஆல்டர்நேட்ல "சேஃப்டிக்கு இருக்கட்டும்"னு 8.8.8.8 போட்டிருப்பாங்க. அது பில்டர் இல்லாத கூகுள் டிஎன்எஸ். முதல் சர்வர் பதில் சொல்ல லேட் ஆச்சுன்னா விண்டோஸ் ரெண்டாவதுகிட்ட கேக்கும், அதுவும் நல்ல பிள்ளையா சைட்டை திறந்து விட்டுரும். ஒரு நேரம் பிளாக் ஆகுது ஒரு நேரம் ஆகலன்னு யாராவது சொன்னா இதைத்தான் முதல்ல பாக்கணும். ரெண்டு கட்டத்துலயும் ஒரே கம்பெனி ஃபேமிலி நம்பர்தான் இருக்கணும்.

ரவுட்டர்ல மாத்தினீங்களா, கம்ப்யூட்டர்லயா? கம்ப்யூட்டர்ல ஏற்கனவே யாராவது கையால ஒரு டிஎன்எஸ் போட்டு வச்சிருந்தா ரவுட்டர் சொல்றதை அது கேக்காது. கமாண்ட் பிராம்ப்ட்ல என்எஸ்லுக்கப்னு அடிச்சு ஒரு சைட் பேர் குடுங்க, மேல சர்வர் முகவரின்னு வர்றது எதுன்னு பாருங்க. ரவுட்டர் நம்பர் வந்தா ரவுட்டர்கிட்ட கேக்குது, வேற நம்பர் வந்தா அதை யார் போட்டாங்கன்னு தேடணும்.

பிரவுசரோட செக்யூர் டிஎன்எஸ். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூணுலயும் டிஎன்எஸ் கேள்வியை பூட்டின உறைக்குள்ள போட்டு நேரா வேற சர்வருக்கு அனுப்பற வசதி இருக்கு. அது வேற கம்பெனிக்கு செட் ஆகியிருந்தா நீங்க விண்டோஸ்ல போட்டதும் ரவுட்டர்ல போட்டதும் வீண். குரோம்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள செக்யூரிட்டி போய் யூஸ் செக்யூர் டிஎன்எஸ்ஸை ஆஃப் பண்ணுங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துல அடியில இருக்கும், அங்கயும் ஆஃப். பிள்ளை திரும்ப ஆன் பண்ணிக்கலாமேன்னா, ஆமா பண்ணிக்கலாம். அதை பூட்டறதுக்கு ரெஜிஸ்ட்ரில பாலிசி போடணும், பழக்கம் இல்லாதவங்க ரெஜிஸ்ட்ரில கை வைக்க வேண்டாம், தெரிஞ்சவங்களை கூப்பிடுங்க.

ஐபிவி6, அதாவது நெட் முகவரியோட புது வகை. என்எஸ்லுக்கப்ல சர்வர் முகவரி நாலு நம்பரா இல்லாம நிறைய கோலன் போட்டு நீளமா வந்தா, நெட் கம்பெனி ஐபிவி6 வழியா தன்னோட டிஎன்எஸ்ஸை குடுத்துட்டு இருக்கு. நீங்க ஐபிவி4ல (நாலு நம்பர் இருக்கற பழைய வகை) மட்டும் பில்டர் போட்டிருப்பீங்க. ஐபிவி6 கட்டத்துல 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 போட்டா அந்த வழியும் அடைஞ்சிரும்.

ரவுட்டர்ல டிஎன்எஸ் மாத்தற கட்டமே சாம்பல் கலர்ல செத்துக் கிடந்தா நெட் கம்பெனி பூட்டி வச்சிருக்கு, அதுக்கு அவங்களுக்கு போன் பண்ணணும். இல்லன்னா ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் தனித்தனியா போட்டுக்கலாம், எனக்கு கேட்டா போன் பண்ணி காத்திருக்கறதுக்கு இது வேகம்.

## கோளாறு: நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு, இன்னைக்கு எல்லாம் ஓப்பன்

யாரோ ஏதோ மாத்திருக்காங்க. பிள்ளையை உடனே கூப்பிட்டு மிரட்டாதீங்க, அப்டேட்டும் காரணமா இருக்கலாம், முதல்ல பாருங்க.

ரவுட்டர்ல இருந்து ஆரம்பிங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கற மாதிரியே திரும்ப மாறியிருந்தா, ஊசி போட்டு அமுக்கற அந்த சின்ன ரீசெட் ஓட்டையை யாரோ அமுக்கிருக்காங்க, நீங்க போட்ட டிஎன்எஸ் எல்லாம் போயிருக்கும். நெட் கம்பெனி ஆள் வந்து பெட்டியை மாத்திட்டு போனாலும் இதே கதைதான்.

அடுத்து விண்டோஸ்ல மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் லிஸ்ட் பாருங்க. உங்களுக்கு தெரியாத வைஃபை பேரோ, ஒரு மொபைல் பேரோ இருந்தா ஹாட்ஸ்பாட் வழியா போகுதுன்னு அர்த்தம். ரவுட்டர்ல மட்டும் பில்டர் வச்சா ஹாட்ஸ்பாட்டுக்கு அது பொருந்தாது. இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, விண்டோஸ் 11ல டிஎன்எஸ் போடற இடம் ரெண்டு, ஒண்ணு அந்த வைஃபை பேருக்கு கீழ இருக்கற ப்ராப்பர்ட்டீஸ், இன்னொண்ணு ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ். முதல் இடத்துல போட்டா அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான், ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ்ல போட்டா எந்த வைஃபைக்கு மாறினாலும் கூடவே வரும். ஸ்டாண்டர்டு யூசரால அதை மாத்தவும் முடியாது.

அப்புறம் பிரவுசர் எக்ஸ்டென்ஷன். புதிர் கட்டை மாதிரி இருக்கற அந்த ஐகானை கிளிக் பண்ணி ஃப்ரீ விபிஎன், ப்ராக்ஸி (ரெண்டும் நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி விட்டு பில்டரை தாண்டற வழி), அன்பிளாக்னு பேர்ல ஏதாவது இருக்கான்னு பாருங்க. ஓப்பரா பிரவுசர்ல விபிஎன் உள்ளயே இருக்கு, தனியா எதுவும் போட வேண்டாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவையும் பாருங்க, ஆள் அடையாளத்தை மறைக்கற டார் பிரவுசரும் போர்ட்டபிள் பிரவுசரும் இன்ஸ்டால் பண்ணாமலே ஃபோல்டர்ல இருந்து ஓடும், ஆப்ஸ் லிஸ்ட்ல பேரே வராது. இதுல எனக்கு ரொம்ப கவலை ஃப்ரீ விபிஎன்தான், ஆபாச சைட்டை விட. யாருன்னே தெரியாத ஒருத்தன் சர்வர் வழியா பிள்ளையோட மொத்த நெட்டும் போகுது, அதை பிள்ளைகிட்டயும் இப்படியே எடுத்து சொல்லுங்க, புரிஞ்சுக்கற வயசுதான். கிளீன்பிரவுசிங் ஃபேமிலி டிஎன்எஸ் விபிஎன், ப்ராக்ஸி சைட்டுகளையும் சேத்து தடுக்கும், அதனால இந்த தொல்லை இருக்கற வீட்டுக்கு நான் அதைத்தான் போட்டு குடுப்பேன்.

கடைசியா, அபூர்வம்தான், பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுல இருந்து கம்ப்யூட்டரை ஸ்டார்ட் பண்றது. அப்ப விண்டோஸ்ல நீங்க பண்ணின எதுவும் கிடையாது. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடற கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டு போட்டு யூஎஸ்பில இருந்து ஸ்டார்ட் ஆகறதை நிறுத்தலாம், ஆனா அந்த பாஸ்வேர்டை பேப்பர்ல எழுதி பத்திரமா வைங்க. லேப்டாப்ல பயாஸ் பாஸ்வேர்டு மறந்து போனா சர்வீஸ் சென்டர்தான், செலவும் கம்மியா இருக்காது.

## கோளாறு: ஆபாச சைட் பிளாக் ஆகுது, ஆனா கூகுள் இமேஜஸ்லயும் யூடியூப்லயும் வருது

டிஎன்எஸ் பில்டர் முழு சைட்டைத்தான் மூடும், ஒரு சைட்டுக்குள்ள இந்த பக்கம் வேணும் அந்த பக்கம் வேணாம்னு பிரிக்க அதால முடியாது. கூகுள், யூடியூப், ரெடிட் எல்லாம் அப்படித்தான், திறந்தா முழுசா, மூடினா முழுசா.

கூகுளுக்கு சேஃப்சர்ச். அதுல பில்டர், பிளர், ஆஃப்னு மூணு இருக்கும், பில்டர்ல வைங்க. பிளர்ல விட்டா மோசமான படம் மங்கலா வரும், அவ்ளோதான், கூட இருக்கற எழுத்து அப்படியே வரும். ஆனா கைல வச்சா கைல எடுத்துரலாம், இன்காக்னிடோல திறந்தா போச்சு. கிளீன்பிரவுசிங் ஃபேமிலியும் அட்கார்டு ஃபேமிலி டிஎன்எஸ்ஸும் (94.140.14.15, 94.140.15.16) சேஃப்சர்ச்சை கட்டாயமா ஆன்ல வச்சிரும், சேஃப்சர்ச் பக்கத்துல போய் பாத்தா பூட்டு படம் தெரியும். அந்த பூட்டு தெரியற வரைக்கும் வேலை முடியலன்னு வச்சுக்கங்க.

யூடியூப்ல ரெஸ்ட்ரிக்டட் மோடு ஒவ்வொரு பிரவுசருக்கும் தனி. எட்ஜ்ல ஆன் பண்ணா குரோமுக்கு வராது. ஆன் ஆயிருக்கான்னு பாக்க சுலபமான அடையாளம், வீடியோ கீழ கமெண்ட்ஸ் காணாம போயிருக்கும். அது எல்லாத்தையும் பிடிக்காது, சின்ன குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ் தனியா குடுக்கறது நல்லது.

## கோளாறு: ஸ்கூல் சைட் திறக்கல, படம் வரல, லாகின் சுத்திக்கிட்டே இருக்கு

பில்டர் ரொம்ப இறுக்கமா இருக்கு. மைக்ரோசாஃப்ட் ஃபேமிலில "அனுமதிச்ச சைட் மட்டும்"னு போட்டிருந்தா முதல்ல அதை சந்தேகப்படுங்க. ஸ்கூல் சைட் பேரை மட்டும் லிஸ்ட்ல சேத்திருப்பீங்க, ஆனா லாகின் பக்கம் வேற முகவரில இருக்கும், படமும் வீடியோவும் இன்னொரு முகவரில இருந்து வரும். பிள்ளை லாகின் பட்டனை அமுக்கும்போது மேல முகவரி பார்ல எந்தெந்த பேர் மாறி மாறி வருதுன்னு பாத்து எழுதிக்கங்க, அதையெல்லாம் சேருங்க.

அப்பவும் படம் மட்டும் வரலன்னா எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்பை திறந்து, பக்கத்தை ரீஃபிரெஷ் பண்ணுங்க. சிவப்புல நிக்கற வரியில இருக்கற டொமைன் பேர்தான் மாட்டிக்கிட்டது. பத்து வயசுக்கு மேல ஆன பிள்ளைக்கு இந்த "அனுமதிச்சது மட்டும்" முறை வேண்டாம்னு நினைக்கிறேன், ஹோம்வொர்க்குக்கே தினம் ரெண்டு தடவை ரிக்வெஸ்ட் வரும், நீங்க சலிச்சுப்போய் எல்லாத்துக்கும் ஓகே அடிக்க ஆரம்பிப்பீங்க.

## கோளாறு: பிளாக் பக்கத்துக்கு பதிலா சர்டிஃபிகேட் எச்சரிக்கை வருது

இந்த சைட் பாதுகாப்பு இல்லன்னு பிரவுசர் காட்டற எச்சரிக்கை இது. பிளாக் ஆன சைட்ல மட்டும் வந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. ஓப்பன்டிஎன்எஸ் மாதிரி சில பில்டர் தன்னோட பிளாக் பக்கத்துக்கு திருப்பி விடும், எச்டிடிபிஎஸ் சைட்ல பேர் ஒத்துவராததால பிரவுசர் கத்தும். கிளவுட்ஃபிளேர் திருப்பி விடாது, "சைட்டை அடைய முடியல"ன்னு மட்டும் வரும்.

எல்லா சைட்லயும் வந்தா கம்ப்யூட்டர் தேதியை பாருங்க. ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணி போடும்போதும் தேதி பழைய வருஷத்துக்கு போகுதுன்னா மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கு, சின்ன செலவுல முடிஞ்சிரும், பில்டர் மேல பழி வேண்டாம். தேதி சரியா இருக்கா? அப்ப சமீபத்துல ஏதாவது பில்டர் சாஃப்ட்வேரோ ஆன்டிவைரஸோ எடுத்தீங்களான்னு யோசிங்க, அதை திரும்ப போட்டு முறையா அன்இன்ஸ்டால் பண்ணினா பெரும்பாலும் சரியாகும். நெட் ரொம்ப மந்தமாச்சுன்னாலும் இதே இடம்தான், ஆன்டிவைரஸோட பேரன்டல் கன்ட்ரோலும் தனி பில்டரும் ரெண்டும் ஒரே நேரத்துல ஓடிட்டு இருக்கும். ஒண்ணை எடுங்க.

## கோளாறு: பில்டர் இருந்தும் திரை ஓரத்துல அசிங்கமான விளம்பரம் குதிக்குது

இது பெரும்பாலும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு சைட்ல "அலவ்"னு அமுக்கினது. சைட் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத பேர் எல்லாத்தையும் தூக்குங்க, அப்படியே "எந்த சைட்டும் கேக்க வேண்டாம்"னு போடுங்க. பிரவுசர் மூடியிருக்கும்போதும் வருதுன்னா, ஹோம் பேஜும் தானா மாறுதுன்னா ஆட்வேரா (விளம்பரம் காட்டறதுக்குன்னே உள்ள புகுந்த சாஃப்ட்வேர்) இருக்கலாம். விண்டோஸ் டிஃபென்டர்ல ஃபுல் ஸ்கேன், அதுலயும் போகலன்னா ஆள் கூப்பிடற நேரம்.

## கோளாறு: டைம் லிமிட் முடிஞ்சும் ஓடுது

ஆப் லிமிட் போட்டு கேமை பிரவுசர்ல விளையாடினா கணக்குல வராது. இன்னொரு அக்கவுண்ட்ல லாகின் ஆனாலும் வராது. டைம் ஸோனையும் பாருங்க, கடிகாரத்தை மாத்தத்தான் அட்மின் வேணும், டைம் ஸோன் மாத்த ஸ்டாண்டர்டு யூசருக்கே உரிமை இருக்கு.

## மேக்கா இருந்தா

ஸ்கிரீன் டைம்ல கன்டென்ட் அண்ட் பிரைவசி ஆன்ல இருக்கா, ஸ்கிரீன் டைமுக்கு தனி பாஸ்கோடு இருக்கா, பிள்ளை அக்கவுண்ட் ஸ்டாண்டர்டா, இந்த மூணும்தான். டிஎன்எஸ் பில்டர் போட்டும் சஃபாரில மட்டும் தப்பிக்குதுன்னா ஐகிளவுட்ல பிரைவேட் ரிலே (சஃபாரி நெட்டை ஆப்பிள் சர்வர் வழியா மறைச்சு அனுப்பற வசதி) ஆன்ல இருக்கும், ஆஃப் பண்ணுங்க.

## ஆளை எப்ப கூப்பிடணும்

அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல, ரிக்கவரி ஈமெயிலும் கையில இல்ல. பயாஸ் பூட்டிக்கிச்சு. பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) கீ கேட்டு நிக்குது, கீ எங்கன்னு தெரியல. ஆட்வேர் ஸ்கேன் பண்ணியும் திரும்ப வருது. ரவுட்டர் டிஎன்எஸ் நீங்க மாத்த மாத்த தானா வேற நம்பருக்கு போகுது, இது ரவுட்டரையே யாரோ பிடிச்சிருக்கற அறிகுறி, உடனே நெட் கம்பெனி. வர்றவர்கிட்ட வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபைல் எல்லாம் காப்பி எடுக்க சொல்லுங்க, "ஃபார்மட் பண்ணிரலாம்"னு எடுத்த உடனே சொன்னா வேற ஆள் பாருங்க.

## கோளாறு: பில்டர் எல்லாம் சரி, ஆனா பிள்ளை கம்ப்யூட்டர் பக்கம் போகவே பயப்படுது, இல்ல ஸ்கிரீனை மறைக்குது

கேம் சாட்ல, மெசேஜ்ல யார் என்ன பேசறாங்கன்னு எந்த டிஎன்எஸ்ஸுக்கும் தெரியாது. யாராவது போட்டோ கேட்டு மிரட்டறாங்கன்னு தெரிஞ்சா பிள்ளையை திட்டாதீங்க, காசு அனுப்பாதீங்க, அக்கவுண்டை அழிக்காதீங்க, கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணவே பண்ணாதீங்க. அந்த ஆளோட யூசர் பேர், புரொஃபைல் லிங்க், தேதி நேரம் தெரியற மாதிரி மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. ஆனா பிள்ளையோட அந்தரங்க படத்தை மட்டும் காப்பி எடுக்காதீங்க, யாருக்கும் ஃபார்வர்டும் பண்ணாதீங்க, அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுட்டு போலீஸ் சைபர் பிரிவுக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அன்னைக்கே போன் பண்ணுங்க.